ஒன்று தசம் ஐந்துக்காகக் காத்திருந்த காலம்

2007ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் எல்லாரும் ஏதோ ஒன்றுக்குக் காத்திருந்தார்கள். விசாவுக்கு, பொலிஸ் பதிவுக்கு, லண்டனிலிருந்து வரவேண்டிய பணத்துக்கு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில், ஒரு கொமினிகேசன் கடையின் மேல்மாடியில், நாங்கள் மூன்று பேர் ஜும்லா 1.5க்குக் காத்திருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து 155 பஸ் பிடித்து வரும் அண்ணை, படியேறி முடிய முன்னமே கேட்பார்: “ஒன்று தசம் ஐந்து வந்திட்டுதே?”

ஜும்லா என்பது இணையத்தள உள்ளடக்கத்தை முகாமை செய்யும் மென்பொருள். கட்டுரையைப் பெட்டியில் ஒட்டிச் ‘சேமி’ என்பதை அழுத்தினால் பக்கம் தானாக அமையும். மாம்போ என்ற மென்பொருளை எழுதியவர்கள் 2005 ஓகஸ்டில் தனியே பிரிந்துவந்து, அடுத்த மாதமே 1.0 என்று வெளியிட்டார்கள். பெயர் சுவாஹிலி. ‘எல்லாரும் சேர்ந்து’ என்று பொருள். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கக் கொழும்புக் கிளைக்கு 2006இல் அதில் ஒரு தளம் அமைத்தோம். பாடசாலை யாழ்ப்பாணத்தில். அந்த ஆண்டு ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, பாடசாலைச் செய்தி கொழும்புக்கு வருவதே தொலைபேசியிலும் தொலைநகலிலுந்தான்.

அதற்கு முன் இருந்த தளம் பாமினி எழுத்துருவில் ஓடியது. இன்று இருபது வயதாகும் ஒருவருக்கு அதை விளங்கப்படுத்துவது கடினம். விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசையைத் தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். கணினிக்குத் தெரிந்தது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள் மட்டுமே. தமிழ் என்பது மேலே போர்த்திய சட்டை. வாசகர் அந்த எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் சட்டை கழன்றுவிடும். ஸ்காபரோவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, உங்கட தளத்தில என்ன பாஷை கிடக்கு?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் தமிழுக்கெனத் தனிக் குறிகள் கொண்ட ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாறினோம். பழைய கட்டுரைகளைச் சுரதாவின் ‘பொங்குதமிழ்’ மாற்றியில் ஒட்டி ஒவ்வொன்றாக மாற்றினோம். கட்டுரைகள் மாறிவிட்டன, ஜும்லா 1.0 மாறவில்லை. அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. மொழிக்கோப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்தி, “இனி ஒருங்குறிதான்” என்று சொல்லி அதை நம்பவைத்தோம். உலாவி நம்பியது. கீழே இருந்த தரவுத்தளம் கடைசிவரை நம்பவில்லை.

அதன் விளைவைத் தலைப்புகளில் கண்டோம். கட்டுரைத் தலைப்புக்கு நூறு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்துக்கு நூறு இடம் என்றால் நூறு எழுத்து. ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ‘கொட்டாஞ்சேனை’ என்ற ஒரு சொல் 36 பைட். ‘வெள்ளவத்தை’ 30. இரண்டையும் ஒரு தலைப்பில் போட்டு நடுவில் ஓர் இடைவெளி விட்டால், மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். ‘கொட்டாஞ்சேனை வெள்ளவத்தை அங்கத்தவர் ஒன்றுகூடல்’ என்று போட்ட தலைப்பு ‘ஒன்றுகூடல்’ என்ற சொல்லுக்குள் நுழையும் முன்பே அறுந்து, கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறியோடு நின்றது. ஒன்றுகூடாமலே போன ஒன்றுகூடல் என்று சங்கச் செயலாளர் ஒரு வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆகவேதான் 1.5க்கான தவம். அது அடியிலிருந்து ஒருங்குறியில் எழுதப்படுகிறது என்று அறிவித்திருந்தார்கள். அதில் வரவிருந்த வேறு வசதிகள் எதுவும் எங்களுக்குப் பொருட்டில்லை. எங்களுக்குத் தலைப்பு முழுதாக வேண்டும், தேடுபெட்டியில் தமிழ்ச் சொல் இட்டால் கிடைக்கவேண்டும். 2006 கடைசியில் பீட்டா வந்தது. 2007 நடுப்பகுதியில் வெளியீட்டுக்கு முந்திய பதிப்பு வந்தது. இறுதிப் பதிப்புக்கு நாள் கிடையாது, ஆயத்தமாகும்போது வரும் என்பதே பதில்.

அந்த இடைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2007 ஜூன் 7 விடியமுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆட்களை ஏற்றிய அன்று காலை கீழே கொமினிகேசனில் ஐந்து தொலைபேசிக் கூண்டுகளும் காலியாக இருந்தன. தளத்தின் விருந்தினர் ஏட்டில் அந்த வாரம் 40க்கும் மேற்பட்ட பதிவுகள் விழுந்தன. இன்னார் எந்த லொட்ஜில் நின்றார், யாராவது கண்டீர்களா என்ற கேள்விகளே பெரும்பாலும். அந்த ஏடு ஜும்லாவுக்கு வெளியே யாரோ எழுதிய சிறு நீட்சி. அதைப் பற்றிப் பிறகு.

1.5 கடைசியில் 2008 ஜனவரியில் வந்தது. பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு மாற்றத் தொடங்கினோம். இன்று ‘மேம்படுத்து’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அன்று அப்படி எதுவும் இல்லை. பழைய தளத்தை ஒரு கருவியால் ஒரே கோப்பாக உருவி, புதியதை வெறுமையாக நிறுவி, அந்தக் கோப்பை ஊட்டவேண்டும். நடுவில் அது ஒரு கேள்வி கேட்கும்: பழைய தளத்தின் எழுத்துக் குறிமுறை எது? தரவுத்தளம் தன்னை மேற்கு ஐரோப்பியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதையே தெரிவுசெய்தோம்.

அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால் முகப்புப் பக்கம் முழுவதும் தலையில் கோடு சாய்ந்த பிரெஞ்சு ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகக் குறியும். தமிழின் உயிரும் மெய்யும் மூன்று பைட்டாக உடைந்தால் முதலாவது அந்த ‘ஏ’, இரண்டாவது அந்த வட்டம். தமிழ் ஒருங்குறி இருக்கும் இடம் அப்படி. இரண்டு வருடக் கட்டுரைகளும் பதிவுசெய்யப்பட்ட வணிகச் சின்னங்களாகிவிட்டன. அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி, வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போட்டான். திரும்ப வாங்குவம்” என்றார். பணிசும் பிளேன்டீயும் வந்தன. மூன்றாம் முறை, கேள்விக்கு மற்றப் பதிலைக் கொடுத்தபோது, விடிய நாலரைக்கு, ‘ஒன்றுகூடல்’ முழுச் சொல்லாகத் திரையில் நின்றது. கடற்கரைத் தண்டவாளத்தில் முதல் ரயில் போனது. அண்ணை எழுந்து நின்று கைதட்டினார்.

அச்சு உலகத்தில் இப்படி ஒரு பயம் இருந்ததில்லை என்று பிறகு யோசித்ததுண்டு. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வரும் வீரகேசரி 1930 ஓகஸ்ட் 6இல் தொடங்கியது. ஈய எழுத்தைக் கோத்த காலம் போய்க் கணினியில் பக்கம் கட்டும் காலம் வந்தபோது, மாறியது நாளைய பத்திரிகை மட்டும். 1930ஆம் ஆண்டுத் தாள், தாள் உள்ளவரை அப்படியே கிடக்கும். இணையத்தளத்தில் இயந்திரத்தை மாற்றினால் நேற்று எழுதியதையும் கூடவே தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஒவ்வொரு மேம்படுத்தலும் ஒரு வீடு மாறல். எதையாவது விட்டுவிட்டுத்தான் வருவோம். 1.5க்கு வந்தபோது விருந்தினர் ஏடு வரவில்லை. அந்த நீட்சியை எழுதியவர் புதிய பதிப்புக்கு எழுதவில்லை. பதிவுகளை அச்சிட்டுக் கோவையில் போட்டோம், 212 பக்கம்.

இன்று மேல்மாடி அறை இல்லை. கட்டடமே இல்லை, அந்த இடத்தில் தொடர்மாடி நிற்கிறது. நான் என் வீட்டு மேசையில் இருந்து தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மற்ற இருவரில் ஒருவர் மெல்பேர்னில். அண்ணை கொட்டாஞ்சேனையில்தான், கண் பார்வை குறைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். அன்று எங்கள் இணைப்பு விநாடிக்கு 512 கிலோபிட், மழை பெய்தால் அதுவும் இல்லை. இன்று வீட்டுக்குள் ஃபைபர். அன்று 60 டொலர் வழங்கிக் கட்டணம் ஏறக்குறைய 6,500 ரூபா. 2022இல் டொலர் 360ஐத் தொட்டபோது அதே 60 டொலர் 21,600 ஆனது. பதின்மூன்று மணித்தியால மின்வெட்டுக்கு நடுவில், இந்தத் தளம் தேவைதானா என்று செயற்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முகநூல் பக்கம் இலவசம். ஒரு வாக்கால் தப்பியது.

ஜும்லாவும் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. இப்போது பெரிய பதிப்புக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாள் குறிக்கிறார்கள். குறித்த நாளில் வருகிறது. ஐந்து 2023 ஒக்டோபர் 17, ஆறு 2025 ஒக்டோபர் 14. ஜும்லா ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில் 1.5க்கு 4.3 போதுமாயிருந்தது, ஆறு 8.3 கேட்கிறது. 5.4இலிருந்து சிறு மேம்படுத்தல்கள், அனுமதித்திருந்தால், நாம் தூங்கும்போது தாமே நடந்துவிடும். பாதுகாப்புக்கு இது பெரிய நன்மை. எங்கள் தளத்தை 2011இல் யாரோ உடைத்து முகப்பில் மருந்து விளம்பரம் போட்டார்கள். ஆறு வாரம் பழைய ஓட்டையை அடைக்காமல் விட்ட பிழை என்னுடையது.

நாள் குறித்து வருவதைக் காத்திருத்தல் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறு வெளியான அன்று யாரும் என்னிடம் “வந்திட்டுதே?” என்று கேட்கவில்லை. குறிமுறை பற்றியும் எவரும் பேசுவதில்லை, பேசத் தேவையில்லை. தமிழ்த் தலைப்பு நடுவில் அறுவதில்லை. நாங்கள் ஒரு வருடம் தவமிருந்து வாங்கிய ஒன்று, இப்போது குழாய்த் தண்ணீர் மாதிரி. அப்படித்தான் இருக்கவேண்டும் என்றாலும், தரவுத்தளத்தின் எந்த அட்டவணையில் எந்தக் கட்டுரை கிடக்கிறது என்று அன்று மூன்று பேருக்கும் மனப்பாடம். இன்று நானே பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தளம் இன்னும் 3.10இல் நிற்கிறது. அதற்கான ஆதரவு 2023 ஓகஸ்டில் முடிந்தது. நாலு, ஐந்து, ஆறு என்று மூன்று படி ஏறவேண்டும். சென்ற மாதம் ஒரு பிரதியை என் கணினியில் இறக்கி ஏற்றிப் பார்த்தேன். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினேன், ஒன்பதேகாலுக்கு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் முதலில் 2006ஆம் ஆண்டு ஒன்றுகூடல் கட்டுரையைத் திறந்தேன். ஓர் எழுத்துச் சிதையவில்லை. பிறகு படத்தொகுப்பைத் திறந்தேன். வெற்றுப் பக்கம்.

படக்கோப்புகள் எல்லாம் வழங்கியில் இருக்கின்றன. அவற்றில் நிற்பவர் யார், எந்த ஆண்டு என்ற குறிப்புகள் படத்தொகுப்பு நீட்சியின் அட்டவணைக்குள். அதை எழுதியவர் நாலுக்கே எழுதவில்லை. அண்ணைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் செய்தி வந்தது: “படம் கிடக்கட்டும் தம்பி, பேரை விட்டிடாத. அதில நிக்கிற பாதிப்பேர் இப்ப இல்லை.”

மொத்தம் 480 படங்கள். குறிப்புகளை அட்டவணையிலிருந்து எடுத்து, புதிய தளத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் கையால் இட்டுக்கொண்டிருக்கிறேன். நாளுக்கு இருபது. தைப்பொங்கலுக்குள் முடிந்துவிடும்.