பாச்சை உருண்டையும் பச்சைக் குழந்தையும்

பண்டமாரானில் எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் முதலில் வருவது பாச்சை உருண்டை வாசம்தான். தங்கை பிரசவம் முடிந்து வீடு வந்த அன்று, அம்மா அதிலிருந்து பழைய பருத்திப் போர்வை ஒன்றை எடுத்தார். தங்கை பதறித் தடுத்தாள்.

“பிள்ளைக்கு ஜி6பிடி குறைவும்மா. இந்த உருண்டை கிட்டவே வரக்கூடாதுன்னு தாதி சொல்லியிருக்காங்க.”

“உங்க ரெண்டு பேரையும் இதிலதானே சுத்தி வளர்த்தேன்!”

இருவர் சொல்வதும் உண்மைதான். காரணம், கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரானில் இருக்கிறது.

பாச்சை உருண்டைக்குப் பல காலமாகப் பயன்படும் பொருள் நாப்தலீன். கார்பன் வளையங்களால் ஆன அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு மூலக்கூறு கூடுதலாக ஓர் எலெக்ட்ரானை ஏற்று, எதிர்மின் அயனியாக நிலைக்குமா என்பதைக் காட்டும் அளவுதான் ‘எலெக்ட்ரான் நாட்டம்’. ஒரே வளையம் கொண்ட பென்சீனுக்கு அது சுமார் −1.1 எலெக்ட்ரான் வோல்ட். ஒட்டிய எலெக்ட்ரான் கண்ணிமைக்கும் முன்பே ஓடிவிடும். இரு வளைய நாப்தலீனுக்குச் சுமார் −0.2, அதனாலும் தனியே பிடித்து வைக்க முடியாது. மூன்று வளைய ஆந்த்ரசீனுக்குச் சுமார் +0.5. வீடு பெரிதானால் விருந்தாளி தங்குவார் அல்லவா, அப்படித்தான்.

எலெக்ட்ரானைப் பிடிக்கவே தெரியாத நாப்தலீனால் என்ன ஆபத்து? உடம்புக்குள் போனதும் அது வேஷம் மாறுகிறது. அதனுடன் ஆக்சிஜன் சேர்ந்து, ஒரு பகுதி நாப்தோகுவினோன் ஆகிறது. இதன் நாட்டம் சுமார் +1.8. எலெக்ட்ரானைப் பறிக்கும், அதை ஆக்சிஜனிடம் தள்ளிவிட்டு மீண்டும் பறிக்க வரும். இதில் உண்டாகும் பெராக்சைடு சிவப்பணுக்களைத் தாக்கும்.

சிவப்பணு இழக்கும் எலெக்ட்ரான்களை ஈடுகட்ட உதவும் நொதிதான் ஜி6பிடி. அது போதுமான அளவு இருந்தால் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். நாங்கள் தப்பியது அப்படித்தான். குறைவாக இருந்தால் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். பரம்பரையாக வரும் இந்தக் குறை ஆண் பிள்ளைகளிடம் அதிகம். நம் நாட்டில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பரிசோதிக்கிறார்கள்.

பரிசோதனை முடிவைத் தாத்தா பாட்டிக்கும் சொல்லி வையுங்கள். உருண்டையோடு இருந்த துணியைக் குழந்தைக்குப் போடாதீர்கள். உடல் மஞ்சளாகவோ வெளிறியோ தெரிந்தாலும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அம்மா அன்றே உருண்டைகளை வீட்டைவிட்டு அகற்றினார். பேரனுக்குப் புதுப் போர்வை வாங்க நான் கிள்ளான் கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன்.