வண்ண ஃபிலிமில் மிகையான கிரெயின்

கிரெயின் என்பது ஃபிலிமில் எடுத்த படங்களில் மணல் தூவியது போலத் தெரியும் நுண்ணிய புள்ளித் தோற்றமாகும். எந்த ஃபிலிமிலும் இது ஓரளவு இருக்கும். முகமும் வானமும் சொரசொரப்பாகத் தெரியும் அளவுக்கு மிகும்போது அது குறையாகிறது. வண்ண நெகட்டிவில் இதற்கு மிகப் பொதுவான காரணம், படம் எடுக்கும்போது ஃபிலிமுக்குப் போதிய ஒளி கிடைக்காததே.

உருவாகும் விதம்

ஃபிலிமின் பூச்சில் வெள்ளி ஹேலைடு படிகங்கள் உள்ளன. ஒளி பட்ட படிகங்கள் டெவலப்பரில் உலோக வெள்ளியாக மாறும்போது, அவற்றைச் சுற்றிச் சாயம் உருவாகிறது. பின்னர் ப்ளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளியை நீக்கிவிடுகின்றன. ஆகவே வண்ணப் படத்தில் நாம் காணும் கிரெயின், வெள்ளி இருந்த இடத்தில் எஞ்சிய சாயத் திட்டுகளே ஆகும்.

பெரிய படிகங்கள் குறைந்த ஒளியையும் பதிவு செய்யும். அதனால் ஐஎஸ்ஓ 800 ஃபிலிமில், 100 ஃபிலிமைவிடக் கிரெயின் அதிகம். வண்ண நெகட்டிவில் ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய அடுக்கு பெரும்பாலும் பெரிய படிகங்கள் கொண்ட வேகமான அடுக்காகவும், சிறிய படிகங்கள் கொண்ட மெதுவான அடுக்காகவும் பிரிக்கப்பட்டிருக்கும். ஒளி குறைந்தால் பெரிய படிகங்கள் மட்டுமே பதிவாகும். அவற்றின் திட்டுகள் இடைவெளியுடன் தனித்தனியே தெரியும். ஒளி கூடினால் சிறிய படிகங்களும் பதிவாகி, திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இடைவெளியை நிரப்பும். இதனால் வண்ண நெகட்டிவில் நிழல் பகுதிகளிலேயே கிரெயின் அதிகம் தெரிகிறது.

காரணத்தைக் கண்டறிதல்

நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும்.

• படம் வெளிறி, நிழல் பகுதிகளில் வெறும் ஆரஞ்சு நிறம் மட்டும் இருந்து, ஓரத்து எழுத்துகளும் எண்களும் தெளிவாக இருந்தால், ஒளி போதவில்லை என்று பொருள்.
• ஓரத்து எழுத்துகளும் வெளிறியிருந்தால் டெவலப் செய்ததில் குறை இருக்கலாம். அந்த எழுத்துகள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுபவை. கேமராவில் விழும் ஒளிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. சி-41 முறையில் டெவலப்பரின் வெப்பநிலை 37.8 டிகிரி செல்சியஸ். நேரம் 3 நிமிடம் 15 விநாடி.
• நெகட்டிவ் நன்றாக இருந்தும் கணினியில் மட்டும் கிரெயின் மிகுந்தால், ஸ்கேனரின் கூர்மையாக்கும் வசதி அதை மிகைப்படுத்தியிருக்கலாம்.

வெப்பத்தில் வைத்த ஃபிலிமும் காலாவதியான ஃபிலிமும் மங்கல் படிந்து கிரெயினைக் கூட்டும்.

தவிர்க்கும் வழிகள்

1. நிழல் பகுதியை அளந்து ஒளியைத் தீர்மானிக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிரே நிற்பவரைப் படமெடுக்கும்போது, பின்னாலுள்ள வெளிச்சத்தைக் கொண்டு மீட்டர் கணக்கிட்டால் முகம் இருண்டுவிடும்.
2. ஐயம் இருந்தால் ஒளியைச் சற்றுக் கூட்டுவது நல்லது. 400 ஃபிலிமுக்கு மீட்டரில் 200 என்று வைத்தால் இருமடங்கு ஒளி கிடைக்கும். வண்ண நெகட்டிவ் இதை எளிதில் தாங்கும்.
3. மங்கிய வெளிச்சத்தில் ஃபிளாஷ் அல்லது முக்காலி பயன்படுத்தலாம்.
4. பெரிதாக அச்சிட வேண்டிய படங்களுக்கு மீடியம் ஃபார்மட் ஏற்றது. 35 மி.மீ. ஃபிலிமின் படப்பரப்பு 24 × 36 மி.மீ.; 6 × 6 வகையில் அது சுமார் 56 × 56 மி.மீ. பரப்பு பெரிதாக இருந்தால் உருப்பெருக்கமும் குறையும்; கிரெயினும் குறைவாகத் தெரியும்.

இரண்டாவது வழி ஸ்லைடு ஃபிலிமுக்குப் பொருந்தாது. அதில் ஒளி கூடினால் வெளிச்சப் பகுதிகள் வெளுத்துப்போகும். அதுபோல, டெவலப் செய்யும் நேரத்தை நீட்டிக்கும் 'புஷ்' முறையும் ஒளிக்குறைவை ஈடுசெய்யாது. வேறுபாடும் கிரெயினும் கூடுமே தவிர, நிழலில் பதியாத விவரம் திரும்ப வராது.

எடுத்துவிட்ட படங்களுக்கு

திரும்ப எடுக்க முடியாத திருமணப் படமோ, மறைந்த பெரியவரின் படமோ இப்படி அமைந்துவிட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கூர்மையாக்கும் வசதியை நிறுத்திவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்யலாம். ஆழ்ந்த நிழல்களை வெளிச்சமாக்க முயலாமல் கறுப்பாகவே விட்டால் புள்ளிகளில் பெரும்பகுதி மறைந்துவிடும். கணினியில் கிரெயினைக் குறைக்கும்போது, நிறப் புள்ளிகளை மட்டும் மிதமாக நீக்குவது நல்லது. அளவு மீறினால் தோல் மெழுகு போலாகிவிடும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிறப் புள்ளிகள் கண்ணை உறுத்தா. சிறிய அளவில் அச்சிட்டால் கிரெயின் பெரிதாகத் தெரியாது. பிற்காலத்தில் மேலும் நல்ல ஸ்கேன் கிடைக்கக்கூடும் என்பதால், நெகட்டிவை எறியாமல் உறையிலிட்டு, ஈரமும் வெப்பமும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும்.