விருந்தினர் வரட்டும், உழவும் நடக்கட்டும்

ஓசூர் வட்டாரத்தில் எந்தச் சாலையில் போனாலும் மனை விற்பனைப் பலகைகள் கண்ணில் படுகின்றன. பெங்களூரின் சனி, ஞாயிறுகளை நம்பிப் பண்ணை வீடுகளும் பெருகிவிட்டன. புல்தரை, நீச்சல் குளம், வாசலில் அழகுக்கு ஒரு மாட்டு வண்டி. பக்கத்தில் மாடும் கிடையாது, உழவும் கிடையாது. அருகிலுள்ள ராயக்கோட்டைச் சுற்றுவட்டாரமும் இப்படி ஆகிவிடக் கூடாது.

இது கால்நடையாலும் தானியத்தாலும் வளர்ந்த பூமி. 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ராயக்கோட்டை மலைக்கோட்டை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1799-ல் ஜெனரல் ஹாரிஸின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சென்றதும் இந்த வழியாகத்தான். அந்தப் படையின் பீரங்கிகளையும் தானிய மூட்டைகளையும் கொண்டு சேர்த்தவை மாடுகள். 1824-ல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் ராணுவக் குதிரைகளுக்காக ஆங்கிலேயர் தொடங்கிய பண்ணை, 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து, இன்று அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இயங்குகிறது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அங்கே தீவனம் விளைகிறது, கன்றுகள் பிறக்கின்றன. பழைய பண்ணைக்குப் பெருமை தருவது இந்த ஓயாத வேலைதான்.

ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பங்களிடமும் அந்த வேலை இருக்கிறது. மானாவாரி நிலத்தில் ராகி, ஊடே அவரை, துவரை. கிணற்றுத் தண்ணீர் உள்ள இடத்தில் தக்காளி. அவர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையைச் சுத்தமாக வைத்து விருந்தினரைத் தங்கவைத்தால், வந்தவர்கள் பார்க்க எத்தனையோ உண்டு. களி கிண்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் அரிசி நொய் வெந்ததும் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழித்து வேகவிடுவார்கள். பிறகு பானையை இறக்கி, காலால் அணைத்துப் பிடித்து, கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். தோளும் இடுப்பும் சேர்ந்து உழைக்கிற வேலை அது. கையில் தண்ணீர் தொட்டு உருண்டை பிடித்து, மார்கழி அவரையின் பிதுக்கம் பருப்புக் குழம்போடு வைத்தால், எந்த ஓட்டலும் கொடுக்க முடியாத சாப்பாடு.

உழவர் வீட்டில் இப்படி விருந்தினரைத் தங்கவைப்பதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. இத்தாலி 1985-லேயே பண்ணைத் தங்கலுக்குத் தனிச் சட்டம் போட்டது. விவசாயமே முதல் தொழில், விருந்தோம்பல் அதற்குத் துணை என்பது அதன் அடிப்படை. நிஜமாகவே விவசாயம் செய்கிறவர்தான் விருந்தினருக்கு அறை தர முடியும். மகாராஷ்டிரமும் 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கென்று கொள்கை வகுத்தது.

நமக்கும் அந்த வரையறை வேண்டும். தக்காளி விலை விழுந்தால் பறிக்கிற கூலிகூடத் தேறாமல் செடியிலேயே விடுகிற நிலைமையை இந்தப் பகுதி நன்றாக அறியும். அப்படிப்பட்ட மாதத்தில் அறை வாடகை வந்தால் தீவனம் வாங்கலாம், கடன் தவணை கட்டலாம், நிலத்தை விற்காமல் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அறைகள் பெருகப் பெருக வயல் சுருங்கினால், விருந்தினர் எதைத் தேடி வந்தார்களோ அதுவே இல்லாமல் போகும்.

ஆகவே அரசு உரிமம் கொடுக்கும்போது கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் பயிரைப் பார்க்க வேண்டும். தங்கப் போகிற நாமும் முன்பதிவு செய்யும்போதே கேட்கலாம்: இந்தப் பருவத்தில் உங்கள் நிலத்தில் என்ன விளைகிறது? உடனே பதில் சொல்கிற வீட்டுக்குப் போவோம்.