பத்தடி அறையும் அகலக் கோண லென்ஸும்

ரயில்வேயில் சர்வே செய்து பழகிய எனக்கு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா அந்நியமாகத் தோன்றவில்லை. இரண்டு சாளரங்களில் வரும் பிம்பங்கள் ஒன்றாகப் பொருந்தினால் தூரம் சரி. எல்லாம் முக்கோணக் கணக்குதான். நான் புதிதாக வாங்கியிருப்பது லைக்கா எம்6. 1984இல் அறிமுகமாகி, இடையில் நின்று, 2022இல் மறுபடி வந்த ஃபிலிம் கேமரா.

எஸ்.எல்.ஆர். கேமராவைப் போல உள்ளே எழும்பி இறங்கும் கண்ணாடி இதில் இல்லை. ஆகவே அகலக் கோண லென்ஸ் ஃபிலிமுக்கு வெகு அருகில் அமர்கிறது, உருவமும் சிறிது.

பத்தடி தள்ளி நின்றால் 50 மி.மீ. லென்ஸில் ஏழடி அகலம்தான் அடங்கும். 28இல் சுமார் பதின்மூன்றடி, 21இல் பதினேழடி! 21க்கு மட்டும் தனி வியூஃபைண்டரை மேலே செருக வேண்டும். எஃப்8 வைத்து, தூரத்தை ஆறடியில் நிறுத்தினால் மூன்றடிக்கு அப்பால் எல்லாம் தெளிவு.

மும்பையில் நம்மில் பலர் குடும்பம் நடத்தியது பத்தடி அறையில்தானே? பழைய ஆல்பத்தைப் புரட்டுங்கள். கொலு இருக்கும், அதை வைத்த அம்மா இருக்கமாட்டார். பின்னால் நகர இடமேது? இந்த லென்ஸில் கொலுப்படி, சுண்டல் பாத்திரம், அம்மா, வாசல் செருப்புகள் அனைத்தும் ஒரே படத்தில்! ஓரத்தில் இருப்பவர் சற்று அகன்று தெரிவார். பெரியவர்களை நடுவில் உட்கார வையுங்கள்.

பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. புது ஃபிளாட் பெரிதாக இருக்கலாம். பிள்ளைகளை வளர்த்த அறை திரும்ப வராது. செல்போனானாலும் சரி, சாவியை ஒப்படைக்குமுன் நான்கு சுவரோடு ஒரு குடும்பப் படம் எடுத்து, பிரின்ட் போட்டு வையுங்கள்.