களிம்புக்குள் இருக்கும் முகம்

1970களில் இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டர் பைத்தியம் ஊரெங்கும் பரவியது. சனி, ஞாயிறு வந்தால் உழுதுபோட்ட வயல்களில் காதில் ஹெட்போனும் கையில் சின்ன மண்வெட்டியுமாக ஆட்கள் நடமாடினார்கள். ரோமானியர் நானூறு வருடம் ஆண்ட நாடு. மண்ணுக்குள் காசுக்குப் பஞ்சமில்லை. பச்சைக் களிம்பு ஏறிய வட்டம் ஒன்று அகப்பட்டதும் அங்கேயே எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்ப்பார்கள். மிச்ச வேலை வீட்டுக் கொட்டகையில் நடக்கும். வினிகரில் ஊறப்போடுவது, எலுமிச்சைச் சாறு ஊற்றுவது, கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவது, கடைசியாக பிராஸோ போட்டு மெருகேற்றுவது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் பேட்டரி சார்ஜரை எடுப்பார். ஒரு கம்பியில் காசு, இன்னொன்றில் எவர்சில்வர் கரண்டி, நடுவில் உப்புத் தண்ணீர். நுரை பொங்கிச் சில நிமிடங்களில் களிம்பு உரிந்து விழும்.

உரிந்து விழுந்தது வெறும் அழுக்கு என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். செம்பு, வெண்கலக் காசுகளில் அது உண்மையில்லை. ஆயிரத்தெழுநூறு வருடம் மண்ணில் கிடந்த காசின் மேல்பகுதி மெல்ல மெல்லக் களிம்பாகவே மாறிவிடுகிறது. பேரரசரின் மூக்கும், தலைமுடியும், ஓரத்து எழுத்தும் பல காசுகளில் அந்தக் களிம்புப் படலத்தில்தான் நிற்கின்றன. அதற்குக் கீழே எஞ்சியிருப்பது குழிவிழுந்த உலோகம். களிம்பை முழுக்க எடுத்தால் முகமும் கூடவே போய்விடும்.

மூன்றாம் நூற்றாண்டுக் காசு ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இது விளங்கும். சூரியக் கதிர் போல முள்முள்ளாகக் கிரீடம் அணிந்த தலை. அந்தக் காலத்தில் ரோமின் கஜானா வற்றி, காசில் வெள்ளி சில சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பார்வைக்கு வெள்ளியாகத் தெரிய மேலே மெல்லிய பூச்சு மட்டும். கன்னத்தின் பள்ளத்திலும் எழுத்துகளின் இடுக்கிலும் அந்தச் சாம்பல் மினுக்கம் இன்றைக்கும் ஒட்டியிருப்பதுண்டு. ஒரு பேரரசு தன் மக்களிடம் செம்பை வெள்ளியென்று நீட்டியதற்கு அதுதான் சாட்சி. வினிகரில் போட்டு எடுத்தால் சாட்சி காணாமல் போய், இளஞ்சிவப்பாக ஒரு செம்புத் துண்டு மிஞ்சும். அப்படி எத்தனை காசுகள் கொட்டகைகளில் வாய்மூடிப் போயினவோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

மாற்றம் சும்மா வரவில்லை. 1980களில் சர்ரே பகுதியிலுள்ள வான்பரோவில் ஒரு ரோமானியக் கோயில் இருந்த இடத்தை இரவோடு இரவாகத் தோண்டி ஆயிரக்கணக்கான காசுகளை அள்ளிப் போனார்கள். அன்றைய சட்டத்தில் ஓட்டை இருந்தது, வழக்கு நிற்கவில்லை. அந்த ஆத்திரத்தில் தொடங்கிய முயற்சியின் பலன்தான் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம். 1997இல், கண்டெடுத்த பழம்பொருளைத் தாமாக முன்வந்து பதிவு செய்யும் திட்டமும் தொடங்கியது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காசு கிடைத்தவர் உள்ளூர் அலுவலரிடம் கொண்டுபோகலாம். எடை பார்த்து, படம் எடுத்து, எந்த வயலில் கிடைத்தது என்று குறித்துக்கொள்வார்கள். புதையல் வகையில் சேராத காசை உரியவரிடமே திருப்பித் தந்துவிடுவார்கள். அவர்கள் முதலில் சொல்லும் அறிவுரை: கழுவாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்.

அந்த அறிவுரைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2010இல் சாமர்செட்டின் ஃப்ரோம் ஊர் அருகே டேவ் கிறிஸ்ப் என்பவர் காட்டினார். டிடெக்டர் ஒலித்த இடத்தில் தோண்டியவர் காசுகளோடு ஒரு பானையின் விளிம்பைக் கண்டார். கண்டதும் நிறுத்திவிட்டார். குழியை மூடிவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த நேரத்தில் கையை அடக்க எவ்வளவு மனத்திடம் வேண்டும்! தொல்லியலாளர்கள் வந்து பானையை அடுக்கடுக்காகக் காலி செய்தார்கள், எண்ணிக்கை 52,503. காசுகளில் காலத்தால் பிந்தியவை கராசியஸ் என்ற பேரரசரின் காசுகள்; அவை பெரும்பாலும் மேலே இல்லாமல் பானையின் பாதிக்குக் கீழேதான் கிடந்தன. வருடக்கணக்கில் சேர்த்த உண்டியலாக இருந்தால் புதுக்காசு மேலேதானே இருக்கும்? ஆகவே பானையை ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஈரக் களிமண்ணோடு அள்ளி வாளியில் கொட்டிக் கழுவியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் அவற்றைக் கழுவி உலர்த்தினார்கள்.

2012இல் ஜெர்சி தீவில் கிடைத்த குவியல் இன்னும் பெரியது. ஏறத்தாழ எழுபதாயிரம் கெல்டிக் காசுகள் களிம்பில் ஒட்டி ஒரே பாறையாகிக் கிடந்தன. பாறையை அப்படியே தூக்கிப் போய், ஒவ்வொரு காசும் இருந்த இடத்தை லேசரால் பதிவு செய்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். வேலை வருடக்கணக்கில் நடந்தது.

வீட்டிலும் பழக்கம் மாறியிருக்கிறது. பொறுப்பானவர்கள் இப்போது செம்புக் காசை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, பல்குத்தும் மரக்குச்சியால் மண்ணை மட்டும் தளர்த்துகிறார்கள். தங்கத்துக்கு வெறும் தண்ணீர் அலசலே போதும். வெள்ளியை யாரும் விரலால் தேய்ப்பதில்லை. மண்ணிலுள்ள மணல் துகள் முகத்தில் கோடு கிழித்துவிடும். அவர்களுக்கு உண்மையான பயம் வெண்கல நோய். உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு காற்றின் ஈரத்தைக் குடித்து, வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து, காசை உள்ளிருந்தே அரித்துவிடும். அந்தக் காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் உலர்வாக வைப்பார்கள். ஆனாலும் அமிலத்தில் முக்கி ‘முன், பின்’ காட்டும் வீடியோக்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பளபளப்பைப் பார்த்துக் கைதட்ட என்னால் முடியவில்லை.

நம் ஊரில் குத்துவிளக்கைப் போலவே பழங்காசையும் புளி போட்டு விளக்கிவிடுகிறோம். கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகளோடு, மாக்கோதை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசும் கிடைத்திருக்கிறது. பெருவழுதி என்று எழுத்துள்ள பாண்டியர் செம்புக் காசை 1980களில் வெளியுலகுக்குச் சொன்னவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. அந்த எழுத்துகள் மிகச் சிறியவை; தேய்மானத்தைத் தாங்காதவை. இனி ஒரு காசு கிடைத்தால் புளியை எடுக்காமல், கிடைத்த இடத்தை எழுதிவைத்து, மண்ணோடு காகிதத்தில் மடித்து மாவட்ட நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும் அப்படித் தெரிவிக்கத்தான் சொல்கிறது.