பங்களா சாஹிப்பில் ஒரு பந்தி

தில்லியில் குடியிருக்கும் நமக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் இரண்டு வகை. "ஆக்ராவும் ஹரித்வாரும் பார்க்க வருகிறோம், இரண்டு நாள் தங்க முடியுமா?" என்பது ஒன்று. "எய்ம்ஸில் காட்டச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், என்ன செய்வது?" என்பது மற்றொன்று. முதல் வகைக்குக் கூடத்தில் இரண்டு பாய் போட்டால் போதும். இரண்டாவது வகைக்குத்தான் நாம் தடுமாறிப் போகிறோம். சிகிச்சை என்று வந்தால் இரண்டு நாள் இரண்டு மாதமாகும். கொண்டு வந்த பணம் முதல் பத்து நாளிலேயே கரைந்துவிடும். பாஷையும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தையல்காரர் தம் மனைவியோடும் பதினொரு வயதுப் பெண் குழந்தையோடும் வந்தார். தூரத்து உறவினர் ஒருவர் என் எண்ணைக் கொடுத்திருந்தார். குழந்தைக்கு இருதயத்தில் கோளாறு. ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து, பரிசோதனை பரிசோதனையாக நாள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் நான் போய்ப் பார்த்தபோது அந்த அம்மாள் மிகவும் இளைத்திருந்தாள். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. குழந்தைக்குப் பாலும் இட்லியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர்கள் இருவரும் ஒருவேளை பிரட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுக் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

"தம்பி, குருத்வாராவில் சாப்பாடு போடுகிறார்களே, யாரும் சொல்லவில்லையா?" என்றேன்.

"சொன்னாங்க சார். தப்பா நினைக்காதீங்க. ஓசிச் சோறு சாப்பிட்டுப் பழக்கமில்லை."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியதுதான். பசியைவிடக் கூச்சம் பெரிதாக இருக்கிற குடும்பங்கள் நம்மவர்களில் நிறைய. குருத்வாராவின் சாப்பாடு ஓசிச் சோறு இல்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமானால், அது எப்படி நடக்கிறது என்று முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, 1982ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு தகரப் பெட்டியோடு புது தில்லியில் இறங்கியவன். கரோல்பாக்கில் ஒரு மொட்டை மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் சர்தார்ஜி. 1984 நவம்பர் முதல் தேதியிலிருந்து மூன்று நாள் அந்தக் குடும்பம் முழுவதும் மாடியில் என் அறையில்தான் இருந்தது. தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு. அது ஓய்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. அந்த வீட்டுப் பாட்டி விடியற்காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன். ரொட்டி இட என்றாள். துணைக்குப் போனவன்தான் நான். பங்களா சாஹிப் சமையல் கூடத்தை முதன்முதலில் அன்றுதான் பார்த்தேன்.

அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆம்பேர் அரசர் ராஜா ஜெய்சிங்கின் மாளிகை அங்கே இருந்தது. சீக்கியர்களின் எட்டாவது குருவான குரு ஹர்கிருஷன் 1664ல் தில்லி வந்தபோது அங்கேதான் தங்கினார். அப்போது நகரில் பெரியம்மையும் காலராவும் பரவியிருந்தன. நோயாளிகளுக்கு அவர் தம் கையாலேயே அங்கிருந்த கிணற்று நீரை எடுத்துக் கொடுத்தார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. கடைசியில் அவருக்கே அம்மை கண்டு, அந்த வருடம் மார்ச் 30ந் தேதி காலமானார். எட்டு வயதுகூட நிரம்பவில்லை. அவரைத் தகனம் செய்த இடத்தில் இருப்பதுதான் பாலா சாஹிப் குருத்வாரா.

லங்கர் என்னும் பொதுச் சமையல் அதற்கும் முந்தியது. குரு நானக் தொடங்கி வைத்தது. இரண்டாவது குரு அங்கத் தேவின் மனைவி மாதா கீவி அதை நிர்வகித்தார். அவர் நெய் விட்டுச் செய்த பாயசத்தைப் பற்றி குரு கிரந்த சாஹிப்பிலேயே குறிப்பு இருக்கிறது. சமையல்கட்டுக்காரரின் பெயர் வேத நூலில் இடம்பெறுவது சாதாரண விஷயமா? மூன்றாவது குரு அமர்தாஸ், தம்மைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விதி வைத்தார். அக்பர் சக்கரவர்த்தியும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று சொல்வார்கள். அந்த வரிசைக்குப் பஞ்சாபியில் 'பங்கத்' என்று பெயர். நம் 'பந்தி'யும் அதுவும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. ஆகவே பெயர்கூட நமக்கு அந்நியமில்லை.

இனி, அது நடக்கும் விதம். எனக்கு இதில் கொஞ்சம் ஆர்வம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில்வேயில் 'பிளாக் செக்ஷன்' என்று ஒன்று உண்டு. முன்னால் போன வண்டி அந்தப் பகுதியை விட்டு வெளியேறியது உறுதியான பிறகுதான் பின்னால் வரும் வண்டிக்கு சிக்னல் இறங்கும். பங்களா சாஹிப் சாப்பாட்டுக் கூடமும் அப்படியே. ஒரு பந்திக்கு வேண்டியவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். நீள விரிப்பில் வரிசையாக உட்கார வேண்டும். தட்டு வரும். வாளி வாளியாகத் தால், சப்ஜி, சில நாள் கீர். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொள்ள வேண்டும், அது மரியாதை. கேட்கக் கேட்கப் போடுவார்கள், ஆனால் தட்டில் மிச்சம் வைப்பது பிடிக்காது. முழுக்க சைவம். பந்தி எழுந்ததும் தரையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கதவு திறக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் இப்படித் தள்ளுமுள்ளு இல்லாமல் சாப்பிட்டுப் போகிறார்கள்.

உள்ளே போனால் மாவு பிசையும் இயந்திரமும், ரொட்டி சுட்டுத் தள்ளும் இயந்திரமும் இருக்கின்றன. அதற்குப் பக்கத்திலேயே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கையாலும் ரொட்டி இடுகிறார்கள். இயந்திரம் இருக்கும்போது கை எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. அந்தப் பாட்டிதான் சொன்னாள். வருகிறவர்களுக்குச் சாப்பாடு எப்படிக் கட்டாயம் கிடைக்க வேண்டுமோ, அப்படியே வேலையும் கிடைக்க வேண்டுமாம். பூண்டு உரிக்க ஒரு மூலை, காய் நறுக்க ஒரு மூலை, தட்டுக் கழுவ ஒரு தொட்டி வரிசை. முதல் தொட்டியில் மிச்சம் போகும், அடுத்ததில் சோப்பு, அதற்கடுத்ததில் நல்ல தண்ணீர். ஒவ்வொரு வேலையும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக் கூடியது. வாசலில் செருப்பைப் பாதுகாக்கும் இடத்தில் நிற்பவர் வெளியே பெரிய வியாபாரியாக இருப்பார். யார் என்று அவரும் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்க வேண்டாம். சம்பளத்துக்கு இருப்பவர்களும் உண்டு. ஆனால் கூட்டத்தைச் சமாளிப்பது இந்தச் சேவாதார்கள்தான்.

பணம் எங்கிருந்து? வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை தர்மத்துக்கு ஒதுக்குவது சீக்கியர்களின் கடமை. 'தஸ்வந்த்' என்பார்கள். மாவு மூட்டை, எண்ணெய் டின், பருப்பு என்று பொருளாகவும் கொண்டு வந்து இறக்குகிறார்கள். இன்றைய பருப்பு யாருடையது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. நிர்வாகம் 1971ஆம் வருடச் சட்டப்படி அமைந்த தில்லி சீக்கிய குருத்வாரா நிர்வாகக் குழுவின் கையில் இருக்கிறது. அதற்குத் தேர்தல் உண்டு, கோஷ்டிகள் உண்டு, பத்திரிகையில் வரும் அளவுக்குச் சண்டையும் உண்டு. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது.

நமக்கு இது புதிதா என்றால் இல்லை. அமுதசுரபி ஏந்திய மணிமேகலையை நாம் மறக்க முடியுமா? வடலூரில் வள்ளலார் 1867 மே 23ந் தேதி தொடங்கிய சத்திய தருமசாலையில், அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஜாதி, மதம் எதுவும் கேட்காத பந்தி அது. ஆனால் தில்லியில் நாம் நடத்தும் அன்னதானங்களைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு விழா. வாழையிலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு. உபயதாரர் பெயர் எழுதிய பெரிய பேனர். கூட்டம் அதிகமாகிவிடும் என்று கூப்பன் வைத்திருந்தோம். அழுக்குச் சட்டையோடு ஓர் இளைஞன் வந்து நின்றான், பேச்சைக் கேட்டால் தென்காசிப் பக்கம். "கூப்பன் எங்கே? யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டதும், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டான். கேட்டவன் வேறு யாருமில்லை, நான்தான். கூப்பன் மேஜை என் பொறுப்பில் இருந்தது. சாப்பாடு மீந்துதான் போயிற்று. அந்தப் பையன் பின்னாலேயே நான் ஓடவும் இல்லை.

அன்னதானம் செய்கிற நல்ல மனது நமக்குக் குறைவில்லை. கொடுப்பவர் மேஜைக்கு இந்தப் பக்கம், வாங்குபவர் அந்தப் பக்கம் என்று நாம் வைத்துவிடுகிறோம். குருத்வாராவில் அந்த மேஜையே கிடையாது.

மேஜை இல்லாத ஏற்பாடு ஆபத்துக் காலத்தில் எவ்வளவு விரைவாக வேலை செய்யும் என்பதைக் கொரோனாவின்போது பார்த்தோம். 2020 மார்ச் 25ந் தேதி ஊரடங்கு வந்து, கூலிக்காரர்கள் மூட்டை முடிச்சோடு நடக்கத் தொடங்கியபோது, குருத்வாராச் சமையல் வண்டிகளில் ஏறி அவர்களைத் தேடிப் போயிற்று. அந்த ஏப்ரலில் தில்லி போலீஸ் வண்டிகள் சைரன் ஒலித்துக்கொண்டு பங்களா சாஹிப்பை வலம் வந்து நன்றி சொன்னதைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள். அடுத்த வருடம் இரண்டாவது அலையில், காஜியாபாத் இந்திராபுரம் குருத்வாராக்காரர்கள் தெருவோரத்தில் பிராணவாயு சிலிண்டர்களை வைத்து, காரிலும் ஆட்டோவிலும் வந்தவர்களுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அதற்கும் 'ஆக்சிஜன் லங்கர்' என்றே பெயர். 2021 மே மாதம் ரகாப்கஞ்ச் குருத்வாரா வளாகத்தில் 400 படுக்கையோடு ஒரு சிகிச்சை மையம் திறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு பாலா சாஹிப்பில் சிறுநீரக டயாலிசிஸ் மருத்துவமனை தொடங்கியபோது, அங்கே பில் கவுன்ட்டரே இல்லை என்பது செய்தியாயிற்று.

சீக்கியர்கள் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். நிஜாமுதீன் தர்காவிலும் லங்கர் உண்டு, கரோல்பாக்கில் ராமகிருஷ்ண மிஷனின் இலவசக் காசநோய் மருந்தகத்தைப் பழைய தில்லிவாசிகள் அறிவார்கள். எய்ம்ஸ் வாசலில் தினமும் யாராவது ஒருவர் வண்டியில் பூரியோ கிச்சடியோ கொண்டு வந்து கொடுக்கிறார். ஆனால் அது எப்போது வரும், யாருக்குக் கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை. நோயாளியோடு வந்தவருக்கு வேண்டியது நிச்சயம்.

தையல்காரரிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. "தம்பி, நாளைக் காலையில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, துணைக்கு வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். மஞ்சள் தட மெட்ரோவில் எய்ம்ஸிலிருந்து படேல் சௌக் வரை வண்டி மாற வேண்டியதில்லை, அங்கிருந்து நடக்கும் தூரம். அவரைப் பூண்டு உரிக்கும் மூலையில் உட்கார வைத்தேன். கத்தரி பிடித்த கை, வேகமாக உரித்தார். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் இந்தியில் ஏதோ கேட்க, இவர் தமிழில் பதில் சொல்ல, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து "வாங்க, பந்தி கூப்பிடுகிறார்கள்" என்றேன். எழுந்து வந்தார், சாப்பிட்டார். மறுநாளிலிருந்து மனைவியையும் அழைத்துப் போனார். குழந்தைக்கு ஆபரேஷன் ஆகி ஊர் திரும்பும் வரை, ஆஸ்பத்திரி வேலை இல்லாத காலைகளில் அங்கே போய் வந்தார்கள். கடைசி வாரத்தில், சேவாதார்களின் கிழிந்த மேலங்கிகளை வாங்கி வைத்துக்கொண்டு தைத்துக் கொடுத்தாராம்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது சிறிதுதான். செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, தலையை மூடிக்கொள்ள வேண்டும், அதற்கான துணி வாசலிலேயே இருக்கும். பீடி, சிகரெட், புகையிலை பையில்கூட இருக்கக் கூடாது. பெயர், ஊர், மதம் யாரும் கேட்க மாட்டார்கள். இந்தி தெரிய வேண்டியதில்லை. ஆர்.கே. புரம் பக்கத்தில் தங்கியிருப்பவர்களுக்கு மோதிபாக் குருத்வாரா அருகில். தங்குவதற்கு பங்களா சாஹிப்பில் சராய் உண்டு, ஆனால் இடம் கிடைப்பது அன்றன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. முதல் நாள் மட்டும் யாராவது ஒருவர் கூடப் போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் அந்தப் பூண்டு மூலையில்தான் இருப்பேன். உங்கள் விருந்தாளியை அனுப்பி வையுங்கள்.