தண்ணீரில் மூச்சுமுட்டும் மீன்

விரால் – சன்னா ஸ்ட்ரையேட்டா

தொட்டியின் முன் சற்று நில்லுங்கள். அடியில் கட்டைபோலக் கிடக்கும் விரால் மெல்ல மேலே வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். மேலே வரவிடாமல் நீருக்குள்ளேயே வலையால் அடைத்துவைத்தால் செத்துப்போகும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள், ரத்த நாளங்கள் நிறைந்த அறை ஒன்று இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்வது அதுதான். குளம் வற்றும் கோடையில் ஈரச் சேற்றுக்குள் புதைந்து தாக்குப்பிடிப்பதும், மீன் சந்தையில் ஈரச் சாக்கின்மேல் நெடுநேரம் துள்ளுவதும் இந்த அறையின் தயவு.

துரத்தி வேட்டையாடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. செடிமறைவில் அசையாமல் காத்திருக்கும். தவளையோ கெண்டைக்குஞ்சோ அருகில் வந்தால் ஒரே பாய்ச்சல்!

இத்தனை முரட்டு மீன் பிள்ளை வளர்ப்பில் காட்டும் பொறுமை வியப்பானது. கரையோரச் செடிகளை விலக்கி வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும். எண்ணெய்த்துளி கொண்ட மஞ்சள் முட்டைகள் நீர்ப்பரப்பில் மிதக்கும்; ஓரிரு நாளில் பொரியும். செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே மேய, கீழே தாயோ தந்தையோ காவல் நிற்கும். நெருங்குவது எதுவானாலும் முட்டித் துரத்தும்.

அந்தக் குஞ்சுகளோ ஒன்றையொன்று தின்னும். பண்ணைகளில் அவ்வப்போது அளவு பார்த்துப் பெரியதையும் சிறியதையும் பிரித்துவிடுவது அதனால்தான்.